நெஞ்சு, பஞ்சு

அக்பர் அலிக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. துடியலூரில் மெத்தைக் கடை வைத்து, வந்தவரைப் பேசியே மயக்கிய மனுஷன். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால்கூட சொம்பைப் பார்ப்பதோடு சரி. “பேச்சுக் குடுத்துட்டே இருங்கம்மா, வரும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, அவர் வாயா வலிக்கப்போகிறது?

சாஜிதா பேகம் படித்தது எட்டாவதுதான். ஆனாலும் புருஷனுக்கு அவளே வாத்தியாரம்மா ஆனாள். உடம்பில் ஓரிடத்தைத் தொட்டு, அதன் பேரையும் அதற்குத் தோதான இன்னொரு சொல்லையும் சொல்வாள். பல், கல். கால், பால். மெத்தைக்காரருக்கு மறக்காது என்று நெஞ்சு, பஞ்சு. அவரும் தொட்டுக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு மாதம் கழுதையாய்க் கத்தியதில் அவள் தொண்டைதான் புண்ணானது. ஒரு வார்த்தை வரவில்லை.

ஒருநாள் காலை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நெ...ஞ்சு.”

திரும்பினால், கட்டிலில் உட்கார்ந்து இடக்கையை மார்பில் வைத்திருக்கிறார். “நெஞ்சு.”

“யா அல்லாஹ்! சொல்லிப்போட்டீங்களே!” வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். “அப்புறம்? ப... ப...”

அவர் இல்லையென்று தலையாட்டினார். “நெஞ்சு.”

“அதான் சொல்லியாச்சுங்களே. அடுத்தது சொல்லுங்க, உங்க கடைச் சரக்குதானுங்க!” கைதட்டிச் சிரித்தாள். அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் என்றே நினைத்தாள் பாவி மகள்.

“பஞ்சு” என்றார், இவள் விடமாட்டாள் என்று தெரிந்ததோ என்னவோ. கை மார்பிலிருந்து நழுவியது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு கோவிந்தராஜுலு காரை எடுத்தார். பாழாய்ப்போன ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. புருஷன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, “ஏனுங்க, பல் சொல்லுங்க, கால் சொல்லுங்க” என்று கெஞ்சினாள். என்ன செய்வதென்று அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. ரயில் தன்பாட்டுக்கு மெதுவாகப் போனது.

ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர் அந்த இடக்கையைப் படுக்கையில் வைத்துவிட்டுப் போர்வையை முகம்வரை இழுத்து மூடினார்.

“மார்வலியா இருந்திருக்கும்மா. அவரு ஒண்ணுமே சொல்லலையா?”

“மூணு தடவை சொன்னாருங்க” என்றாள் சாஜிதா. “நான்தான் கைதட்டீட்டு இருந்தனுங்க.”