பொதுவாக ஒரு விஷயம்

லிஃப்ட் மேலே ஏறிப் போகும்போது வெளியே நிற்பவருக்கு முதலில் தலை தெரியும், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் கால். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் பழையது. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. புதன்கிழமை காலை இரண்டாம் மாடியில், மாட வீதிக்குக் காய் வாங்கப் போக நான் காத்திருந்தபோது, அது நிற்காமல் என்னைக் கடந்து மேலே போனது. என் வீட்டிலும் நாலாம் மாடியில் இரண்டு வீடுகளிலும் வேலை செய்யும் தேவானையின் முகம் கம்பிகளோடு ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் மூன்றாம் மாடி தணிகாசலம் சார், எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், நெற்றியில் ஈரம் காயாத விபூதியோடு. அவள் இரண்டு கைகளையும் நீட்டி, இஸ்திரி வண்டியிலிருந்து வாங்கிய துணி அடுக்கை ஏந்தியிருந்தாள். அதைக் கீழே போட்டால்தான் அவளால் அவர் கையைத் தட்டிவிட முடியும். போடவில்லை. அவர் கை எங்கே இருந்தது என்பதை நான் பார்த்தேன். பிறகு நான்கு பாதங்கள். பிறகு இருட்டும், எண்ணெய் பூசிய கயிறும்.

நான் படியிறங்கிப் போய் கொத்தவரங்காய் வாங்கினேன். முற்றலாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

பத்து மணிக்குத் தேவானை வந்தாள். பாத்திரம் தேய்த்தபடி, திரும்பாமல் கேட்டாள்.

"நீ பாத்த தான டீச்சர்மா?"

"எத?" என்றேன். அந்த ஒரு சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

"மூணு மாசமா இதே ரோதனை. நான் லிப்டுல ஏறுனா போதும், எங்கேர்ந்தோ வந்து பூந்துக்குவான். அறுவத்தஞ்சு வயசு கெயவன், பல்லு செட்டு, நெத்தி நெறைய பட்டை வேற." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "மேல ரெண்டு வூடு கீது. அத்த வுட்டுட்டா பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி நான் இன்னாத்துக்கு இங்க வரணும்? நான் சொன்னா என்னியதான் தப்பா பேசுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. அவன் பேர சொல்லிச் சொல்லும்மா."

"ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்கு. சொல்றேன்."

நான்கு நாட்கள் இருந்தன. கட்டிடத்தில் தனியாக இருக்கும் பெண்கள் மூன்று பேர். எங்கள் மாற்றுச் சாவிகள் தணிகாசலம் சாரிடம்தான் இருக்கின்றன. பாதுகாப்புக்கு என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். போன வருடம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கத்தியபோது கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அவர்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிப் போர்வையைக் கொடுத்தார். அந்தத் திருப்பிய முகத்தைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பெண்ணிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், எவளிடம் வேண்டாம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கண்ணியம் என்றால், அவர் கண்ணியமானவர்தான். இதைப் புரிந்துகொண்ட இரவே இன்னொன்றும் புரிந்தது: திருப்பிக்கொள்கிற பட்டியலில் நான் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பழகியதுதான். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சொல்லக் கூடாது. 'பொதுவா ஒரு விஷயம்' என்று தலைமையாசிரியை தொடங்குவார். உறுத்த வேண்டியவருக்கு உறுத்தும். எங்கள் மாதிரி ஆட்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறோம். யாருக்கும் அவமானம் இல்லை.

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலாம் மாடி ஸ்ரீலக்ஷ்மி ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். தொட்டி கழுவுவது, மொட்டை மாடிக்கு நாயைக் கொண்டுவருவது எல்லாம் முடிந்தபின் நான் தொண்டையைச் செருமினேன்.

"பொதுவா ஒரு விஷயம். லிஃப்ட்ல பெண்கள் தனியா போறப்போ ஒரு பாதுகாப்பு வேணும். வேலைக்கு வர்ற பெண்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். நிமிர்ந்தபோது தணிகாசலம் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி கூடுதலாக. பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"டீச்சர் ரொம்ப நல்ல பாயிண்ட் சொன்னாங்க. நானே சொல்லணும்னு இருந்தேன். கொரியர்காரன் வர்றான், கேன் போடறவன் வர்றான், யார் எப்படின்னு நமக்குத் தெரியுமா? நாளைக்கு இந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி எதையாவது கிளப்பினா யாருக்குக் கெட்ட பேர்? அதனால வேலைக்கு வர்றவங்க லிஃப்ட்டே யூஸ் பண்ண வேண்டாம். படியில வரட்டும். அவங்களுக்கும் சேஃப், நமக்கும் சேஃப்."

"அதுவும் சரிதான் சார். எங்காத்துக்கு வர்றவ உடம்புக்கும் நல்லது, நன்னா இளைக்கட்டும்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. எல்லோரும் சிரித்தார்கள். கைகள் உயர்ந்தன. நான் கையைத் தூக்கவில்லை. என் கையில் டம்ளர் இருந்தது. 'ஏகமனதாக' என்று எழுதி, பேனாவை மூடினார்.

"நோட்டீஸ் டீச்சரே எழுதிடட்டும். அவங்க எழுத்து முத்து முத்தா இருக்கும். அவங்கதானே ஆரம்பிச்சாங்க!"

மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டும். மூன்று தாள்களை வீணாக்கி நான்காவதில் திருப்தியாக வந்தது. ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தேவானை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் முன்னால் நின்றிருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். விரலை எழுத்தின் கீழே வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டு வேலை... செய்யும்... பெண்களின் பாது... பாதுகாபு..."

"பாதுகாப்பு" என்றேன். பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

"பாதுகாப்பு" என்று அவள் வகுப்பில் சொல்வது போலத் திருப்பிச் சொன்னாள். கடைசி வரி வரை படித்து முடித்தாள். விரலை எடுக்கவில்லை.

"எயுத்து எவ்ளோ அயகா கீது" என்றாள்.

நான் பால் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவன் பேர சொன்னியா டீச்சர்மா?"

"பொதுவா சொன்னேன் தேவானை."

அவள் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"படியில போனா மூணாம் மாடில அந்தாளு வூட்டு வாசல ஒரசிக்கினு தான போவணும்? காலைல அங்கியே தான சேர் போட்டுக்கினு குந்திக்கினு கீறான்? லிப்டுன்னா கம்பியாச்சும் தொறந்து கீது, ஆரு கண்ணுலயாச்சும் படும்."

நீ சீக்கிரம் தாண்டிப் போய்விடு என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் படியில் நின்று அவள் ரப்பர் செருப்புகளைக் கழற்றினாள். சத்தம் கேட்கக் கூடாது என்று. இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறத் தொடங்கினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. படிக்கட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடியில் அவளுடைய கை மட்டும் தெரிந்தது. முதல் மாடியைத் தாண்டியது. இரண்டாம் மாடியைத் தாண்டியது. மேலே ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கை அங்கேயே நின்றது, கட்டையை இறுக்கிப் பிடித்தபடி, மேலே போகாமல், கீழேயும் வராமல்.