மேலே விழுந்தவர்

சோதனைக்காரர் மேலே விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அலுவலகத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது, அவர் மட்டும் போய் உள்கூரையில் தொப்பென்று விழுந்தார். இடது முழங்கையில் சிராய்ப்பு. மூக்குக் கண்ணாடி முகத்திலிருந்து கழன்று, எல்லாக் கண்ணாடிகளும் விழுகிற பக்கமாகத் தரையில் விழுந்து உடைந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் குனிந்து அதைத்தான் பொறுக்கினார்கள். பிறகுதான் அதன் சொந்தக்காரரைத் தேடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீடியோ கேம் செய்யும் சின்ன கம்பெனி அது. அந்த வருடம் அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டில், ஆரஞ்சு நிற உடை போட்ட குட்டி விண்வெளி வீரன் ஒருவன் கோளுக்குக் கோள் தாவிப் போவான். ஒவ்வொரு கோளுக்கும் தனி ஈர்ப்பு. கன்ட்ரோலரைச் சாய்த்தால் நடப்பான், உலுக்கினால் குதிப்பான், கவிழ்த்துப் பிடித்தால் மேல் கீழாக மாறி, அதுவரை கூரையாக இருந்ததில் கால் ஊன்றி ஓடுவான். அந்த வீரன் எங்கெல்லாம் தவறி விழக்கூடும் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் சோதனைக்காரரின் வேலை. விளிம்பு கண்ட இடத்திலெல்லாம் அவனைப் பிடித்துத் தள்ளுவார், பாறைகளுக்கு நடுவில் சந்து இருந்தால் அதற்குள் திணிப்பார். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இன்னைக்கு வேலை எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "நல்லா விழுந்தேன்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் அலுக்காத வேடிக்கை அது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் மேல இருக்கார். நீங்க வந்தா நல்லது."

"மேலன்னா, எத்தனாவது மாடி?"

"மாடி இல்ல மேடம். மேல."

போய்ப் பார்த்தபோது அவர் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைக் கவிழாமல் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். உடம்பு மட்டும்தான் மேல்பக்கம் இழுபட்டது. சட்டையும் டப்பாவும் உலகத்தோடு சேர்ந்து கீழே வரப் பார்த்தன. விழுங்கிய கவளம் அவரைச் சேர்ந்ததாகிவிட்டது. அவளைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கி, இரண்டு சொட்டு நெற்றிப்பக்கமாக ஓடாமல் கன்னத்தில் வழிந்து, தாடையில் தொங்கி, உள்கூரையில் விழுந்து அங்கேயே கறையானது. உயரமான கட்டடங்களில் ஜன்னல் துடைப்பவர்கள் கட்டிக்கொள்ளும் இடுப்பு வாரை யாரோ வாங்கி வந்தார்கள். நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவர் தெருவைக் கடந்து வேனுக்குள் வந்து சேர்ந்தார். ஏதோ விளம்பர பலூன் என்று நினைத்துப் பாதிப் பேர் நின்றுகூடப் பார்க்கவில்லை.

மருத்துவர் ஸ்டூல் மேல் ஏறிப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. அவள் எடுத்த எக்ஸ்ரேயிலும் கோளாறு இல்லை. படத்தைத் திருப்பி மாட்டினால் எல்லோருடைய நெஞ்செலும்பையும் போலத்தான் இருந்தது. கம்பெனியில் பத்து நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கன்ட்ரோலரைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். யாரும் விழவில்லை. மறுபடி நிகழாத பிழையைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அங்கே வழக்கம். சோதனைக்காரரே பல பேரிடம் அதைச் சொல்லி அனுப்பியவர். விளையாட்டில் ஈர்ப்புக்கான நிரலை எழுதியவர் யார் என்று அவள் விசாரித்தாள். அவர் வேலையை விட்டுவிட்டு வண்ண மீன் கடை வைத்திருந்தார். தேடிப் பிடித்துக் கடைக்குள் நுழைந்தபோது, கையில் வலையோடு செத்த மீன்களைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"கவிழ்த்தா மாறும். திரும்பக் கவிழ்த்தா பழையபடி ஆயிடும். நான் அப்படித்தான் எழுதினேன்."

"ஆகலையே, தம்பி."

வலையிலிருந்து சொட்டிய தண்ணீரை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது நான் எழுதினது இல்லக்கா" என்றார். குரலில் எகத்தாளம் இல்லை. அவருக்கும் அழுகை வரும் போலிருந்தது. அதனால் அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

வீடு மேல்மாடியில், இரண்டு அறை. மின்விசிறிகளைக் கழற்றினார்கள். தச்சர் வந்து ஒரு மெத்தையை உள்கூரையில் போல்ட் போட்டு முடுக்கினார். பிளம்பர் குளியலறைக் கூரையைத் துளைத்து, வானத்தைப் பார்த்து ஒரு கழிவுக் குழாய் வைத்துக் கொடுத்தார். அதன் வழியாகப் போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் அறைக்கு அறை போகும்போது கதவு நிலைக்கு மேலிருந்த சுவரைத் தாண்டிக் குதித்துப் போனார். எரியும் டியூப்லைட்டைத் தெருவில் தேங்கிய தண்ணீரைப் போலச் சுற்றிக்கொண்டு நடந்தார். அவள் தட்டை இரு கையாலும் உயர்த்திப் பிடிப்பாள், அவர் குனிந்து, அதாவது அவளை நோக்கிக் குனிந்து, வாங்கிக்கொள்வார். ஆரம்பத்தில் அவள் மேசை மேல் ஏறி நிற்பாள். இருவர் முகமும் ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சந்திக்கும், இவள் உதடு அவர் நெற்றியில் படும். அப்படியே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினால் இருவரும் எந்தப் பக்கமும் விழாமல் நடுவில் சற்று நேரம் நிற்பார்கள், அவள் எடையும் அவர் எடையும் ஏறக்குறைய ஒன்று என்பதால். அந்த வருடங்களில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

விளையாட்டு கடைக்கு வந்து நன்றாக விற்றது. ஊரெங்கும் பிள்ளைகள் கன்ட்ரோலரைக் கவிழ்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளும் ஒன்று வாங்கினாள். பொத்தானுக்கும் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாதவள், வேலை முடிந்து வந்து கூடத்தில் நின்று, சாய்த்தும் உலுக்கியும் கவிழ்த்தும் விளையாடப் பழகினாள். கடைசிக் கோளுக்குப் போனால் ஏதாவது ஆகும் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. தலைக்கு மேலிருந்து அவர், "அங்க குதிக்காதே, இடப்பக்கம் சாய், இப்ப கவிழ்" என்று சொல்லிக்கொண்டே வருவார். சில சமயம் தன் வேலை ஞாபகம் வந்து, "அந்த விளிம்புல ஒரு சந்து இருக்கும், போய்ப் பாரேன்" என்பார். போய்ப் பார்த்தால் அடைத்திருப்பார்கள். மழைக்காலம் முழுக்க விளையாடி அவள் கடைசிக் கோளுக்குப் போனாள். வீரன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தான், இசை வந்தது, விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறிப் போயின. அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவருபவர் பெயர்கூட இருந்தது. கணவர் பெயர் மட்டும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மெத்தையில் திரும்பிப் படுத்து முதுகைக் காட்டினார்.

அவர்களுடைய ஒரே மகளுக்கு அப்போது எழுதப் படிக்கத் தொடங்கும் வயது. அப்பாதான் எழுத்து சொல்லிக்கொடுத்தார் என்பதால் தலைகீழாக எழுதினாள். பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதைத் திருத்த ஒரு வருடம் ஆயிற்று. அண்ணாந்து பேசிப் பேசிப் பிடரி நோகிறது என்பாள். பெரியவளானதும் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்தினாள். "அப்பா வெளிநாட்டுல இருக்கார்" என்று அவள் வாசலில் நின்று யாரிடமோ சொன்னதை, கதவுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார். அதன் பிறகு யாராவது கதவைத் தட்டினால் அவராகவே உள்ளறைக்குப் போய்விடுவார். மகள் படித்தாள், வேலை கிடைத்தது, இன்னொரு ஊருக்குப் போனாள். போகும்போது கையை உயர்த்தி அவர் விரலைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். அந்த விரலை அவர் நெடுநேரம் மூடியே வைத்திருந்தார்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகு ஒரு பகல் வேளையில், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னார்:

"இந்தா, மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிடேன். நான் போறேன்."

"எங்க போவீங்க?"

"விழறேன். அவ்வளவுதான்."

"விழுந்து?"

"எங்கேயாவது ஒரு தரை இருக்கும்ல."

"இல்லைன்னா?"

அவர் மெதுவாக, "இங்கயும் எனக்குத் தரை இல்லையே" என்றார். அவள் மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். மறுநாள் ஆள் கூப்பிட்டு ஜன்னல்களுக்குக் கம்பி போட்டாள், மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாள். வெல்டிங் பொறி பறந்து அவர் பக்கம் வந்துவிடாமல் அவரை உள்ளறையில் இருக்கச் சொன்னாள். அவரும் சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளேயே இருந்தார். அதன் பிறகு பல வருடம் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றி, மகளைப் பற்றி, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி. கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவானால் அவள் கீழே மல்லாந்து படுப்பாள், அவர் மேலே மல்லாந்து படுப்பார். ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் முகம், நடுவில் ஓர் ஆள் உயரக் காற்று. மற்ற வீடுகளில் வேலை இல்லாதவர்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அவள் குடும்பம் நடத்தியதே அப்படித்தான்.

வயதாக ஆக அவள் தோள் மூட்டு தேய்ந்தது. தட்டை உயர்த்த முடியாமல் கரண்டியைக் கம்பில் கட்டி நீட்டினாள். அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், பசியில்லை என்பார். அவள் இளைத்தாளா அவர் இளைத்தாரா என்று தெரியவில்லை, அவர்கள் மேசையிலிருந்து கட்டிக்கொண்டு நடுவில் நிற்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஒரு காலையில் அவள் தேநீரோடு வந்து கூப்பிட்டாள். அவர் மல்லாந்து, கண் திறந்து, வழக்கம்போல அவள் படுக்கையைப் பார்த்தபடியே இருந்தார். உயிரோடு இருப்பவரும் அப்படித்தான் இருப்பார் என்பதால், டம்ளர் ஆறும்வரை அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் அவளால் மேலே ஏறித் தொட முடியவில்லை. தோளைத் தூக்க முடியாமல் கீழே நின்று, "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ஏணி போட்டார்கள்.

மகள் வந்தாள். மொட்டைமாடிக் கதவின் பூட்டைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது விட்டுடும்மா. அவர் கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள். அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது; அப்பாவே ஒரு நாள் சொல்லியிருக்க வேண்டும். கம்பி போட்ட ஜன்னலில் வெயில் வந்து கட்டம் கட்டமாகத் தரையில் கிடந்தது.

"விட்டுட்டா நான் எங்கடி போய் அவரைப் பார்ப்பேன்? அண்ணாந்து பார்த்தே காலம் போயிடுச்சு. ஒரு தடவையாவது குனிஞ்சு பார்க்கறேனே."

"இது உனக்காகம்மா. அவருக்காக இல்ல."

"ஆமா. எனக்காகத்தான்."

மகள் பூட்டை விட்டுவிட்டாள். சவப்பெட்டியைத் தோளில் தூக்க வேண்டியவர்கள் இரு பக்கமும் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இடுகாட்டில் குழியை வழக்கத்தைவிட ஆழமாக வெட்டினார்கள். பெட்டியை இறக்கியபோது கயிறு தேவைப்படவில்லை. மூன்று பேர் மேலே ஏறி உட்கார்ந்துதான் அமுக்கினார்கள். மண் முழுக்க மறைக்கும்வரை உள்ளே அவர் மூடியில் சாய்ந்து கிடப்பது பலகையின் வளைவில் தெரிந்தது. மேலே கல்பலகைகளை வைத்து எல்லோரும் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். மகள் அன்றே ஊருக்குத் திரும்பினாள். அம்மாவிடம் கோபமில்லை என்றாள். அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வரவில்லை.

மழை பெய்தால் மண் இளகி அந்த இடம் மட்டும் மெல்ல உப்பிக்கொண்டு வரும். இடுகாட்டுக் காவலாளி அதைப் பெரிதுபடுத்தவில்லை. சில குழிகள் உள்வாங்கும், அதற்கு மண் கொட்டுவார். இது ஒன்று மேலெழும், இதற்குக் கல் ஏற்றுவார். வாரம் தவறாமல் வரும் அந்த அம்மா முதலில் ஓரமாக நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று கல்லின் மேல் உட்கார்ந்தவள், செய்யக்கூடாததைச் செய்துவிட்டாற்போலப் பதறி எழுந்தாள்.

"உட்காருங்கம்மா, பரவால்ல" என்றார் காவலாளி. "நீங்க உட்கார்ந்தா எனக்கு ரெண்டு கல்லு மிச்சம். என்ன, நீங்க ரொம்ப லேசா இருக்கீங்க. கொஞ்சம் நல்லா சாப்பிடுங்க."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். கல்லுக்கு அடியில் மண் மெல்ல மேல்நோக்கி முட்டுவது உடம்புக்குத் தெரிந்தது. அவள் நகரவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நெடுநாளுக்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்குச் சமைத்து, இரண்டு பேர் சாப்பாட்டையும் தானே உட்கார்ந்து சாப்பிட்டாள்.