அந்திப் பாட்டுக்கு முன்னால்

கதிர்க்கட்டுகளுக்கு நடுவே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த தியோலிந்தா, அறுப்பு வரிசையின் தலையில் நின்ற நாத்தனாரின் கையைப் பற்றினாள்.

"மதினி, அந்திப் பாட்டை எடுத்துராதீங்க."

சுல்மீரா அரிவாளைத் தாழ்த்தினாள். "தம்பிக்கு என்னடி?"

"இருக்காரு. அந்திப் பாட்டு முடியறப்போ நானும் அரிவாளைக் கீழ வச்சிருவேன்னு காலையிலயே சொல்லிட்டாரு. பிரான்சுலேருந்து பையன் ஒராசியோ வந்துக்கிட்டிருக்கான். பஸ் இன்னும் மலையேறல."

அந்த மலைக்காட்டில் ரைத் தானியம் அறுப்பவர்களுக்குக் கடிகாரம் கிடையாது. விடியலுக்கு ஒரு கதைப்பாட்டு, உச்சிக்கு ஒன்று, வெயில் சாயும்போது ஓடக்காரன் பாட்டு, அந்திக்கு ஒன்று. அந்திப் பாட்டு முடியாமல் எவரும் அரிவாளைக் கீழே வைப்பதில்லை. வருஷா வருஷம் வரிசைக்குத் தலைநின்று பாடியவன், இப்போது படுக்கையில் கிடக்கும் தியோலிந்தாவின் கணவன் அல்பானோ. சொன்னால் சொன்னபடி செய்கிறவன்.

"பையன் வந்ததும் சன்னல்ல வெள்ளைத் துண்டைக் கட்டு," என்றாள் சுல்மீரா. "அதுவரைக்கும் ஓடக்காரன் பாட்டையே இழுக்கிறேன்."

"அவரு சாகாம இருக்க நாங்க சாகணுமா?" என்றார் கிழவர் பெர்னார்தினோ. எல்லோரும் சிரித்தார்கள். முதலில் குனிந்து அறுக்கத் தொடங்கியவரும் அவர்தான்.

தியோலிந்தா வீட்டுக்குத் திரும்பி, கட்டிலருகே உட்கார்ந்து ஈரத்துணியால் கணவனின் உதட்டைத் துடைத்தாள். திறந்த சன்னல் வழியே பாட்டு வந்தது. ஓடக்காரன் அக்கரையிலிருந்து மணப்பெண்ணை அழைத்து வந்தான். பிறகு அவள் அம்மாவை மறந்துவிட்டதாகத் திரும்பிப் போனான். பிறகு சீர்ப்பெட்டிக்காக.

"இந்த ஓடக்காரன் எத்தனை தடவைதான் ஆத்தைக் கடப்பான்?" என்றான் அல்பானோ, கண்ணைத் திறக்காமல். "நான் பாடுனப்போ ஒரே நடைதான்."

"இந்த வருசம் சாமான் ஜாஸ்தி போல."

"இப்போ ஆட்டை வேற ஏத்தறான்." சற்று மூச்சு வாங்கினான். "சுவத்துல வெயில் இல்ல, புள்ள. நீதானே போய்ச் சொன்னே?"

அவள் துணியை மறுபடி நனைத்தாள்.

"சரி. நல்ல ஆடு. கத்தாம வருது."

ஒராசியோ வந்தபோது மலைமுகட்டில் மட்டும் வெளிச்சம் இருந்தது. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு மண்டியிட்டான்.

"ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

"கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும்." அல்பானோ அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தான். "மெலிஞ்சுட்டே. அங்க ரொட்டி கெடைக்கலையா?"

"கெடைக்குதுப்பா. பஞ்சு மாதிரி இருக்கும்."

தியோலிந்தா எழுந்து அடுப்பை ஊதினாள். மகனுக்குச் சூப் ஊற்றினாள். ரொட்டி நறுக்கினாள். அவன் கோட்டை உதறி மாட்டினாள். மடித்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். வெள்ளைத் துண்டு அவள் தோளிலேயே கிடந்தது. வயலில் சுல்மீராவின் குரல் கம்மிப்போயிருந்தது. ஓடக்காரன் மணப்பெண்ணின் கோழிகளுக்காகப் போய்க்கொண்டிருந்தான்.

"தியோலிந்தா," என்றான் அல்பானோ. "அறுக்கிறவங்க இடுப்பு என்னத்துக்காகும்?"

"சூப் ஆறிடும். அவன் சாப்பிடட்டும்."

"அவன் சாப்பிட்டாச்சு."

ஒராசியோ வெறும் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தான். அவள் சன்னலருகே போனாள். துண்டைக் கம்பியில் சுற்றினாள், இழுத்தாள், முடிந்தாள். நின்றுகொண்டே இருந்தாள்.

ஓடக்காரன் கரை சேர்ந்தான். பிறகு சுல்மீரா அந்திப் பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். இரண்டாம் அடியிலிருந்து கட்டிலில் இருந்தவனின் உதடும் அசைந்தது. பாட்டு முடிவதற்குள் அது நின்றுவிட்டது.

மறுநாள் காலை துக்கத்துக்கு வந்த பக்கத்து வயல்காரர் பசீலியோ தொப்பியைக் கையில் சுழற்றினார். "என் வரப்பைத் தாண்டிப் பாதி வயலை அறுத்துப் போட்டிருக்கீங்களே. நான் கூப்பிடவே இல்லையே."

"நிறுத்தறதுக்குப் பாட்டு வரல," என்றார் பெர்னார்தினோ.

பசீலியோ சன்னலைப் பார்த்தார். அங்கே தியோலிந்தா பனியில் நனைந்த துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சின் மேல் முடிச்சாக எத்தனையோ போட்டிருந்தாள். உதவ வந்த மகனின் கையை விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.