நாலு போல்ட், ஒரு ராகுகாலம்

விக்னராஜாவுக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அவனுடைய பக்திதான் காரணம் என்று நினைத்துவிடுவீர்கள். பக்தி அவன் மனைவி கிருசாந்தினிக்கு. அவனுக்கு இருந்தது பெண்சாதி என்ன சொன்னாலும் கடைசியில் ஓம் என்று சொல்லிவிடுகிற வருத்தம் ஒன்றுதான். இத்தாலியில், இந்தப் பலேர்மோ நகரத்தில் உள்ள பாதித் தமிழருக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. பல்லாரோ சந்தைக்குப் பின்னால், விக்னராஜா வேலை செய்யும் பீனோவின் கராஜில் ஒரு சிவப்பு மஸ்டாங் நின்றது. அறுபத்தாறாம் ஆண்டுக் கார். ஸ்ராட் பண்ணினால் தெருவில் உள்ள யன்னல் எல்லாம் அதிரும். காரின் சொந்தக்காரன் சல்வோ, கிருசாந்தினி வேலை செய்யும் வீட்டு எசமானி அம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், மூத்த மகன். ஐம்பது வயதில் அவனுக்கு நாரிப்பிடிப்பு வந்துவிட்டது. பழைய சீற்றுகள் முதுகுக்குக் கட்டை, தலை சாய்க்க ஒன்றும் இல்லை, பெல்ட் என்று பார்த்தால் இடுப்புக்கு ஒரு வார். அவற்றைக் கழற்றிவிட்டு, புதுக் கார் ஒன்றிலிருந்து எடுத்த சீற்றுகளைப் பூட்டித் தரச் சொல்லியிருந்தான்.

அவை கூரை திறக்கிற காரின் சீற்றுகள். அந்த வகைக் கார்களில் தோள் பெல்ட்டைப் பூட்டத் தூண் இருக்காது. பெல்ட் சீற்றுக்குள்ளேயே இருக்கும். ஆளைப் பெல்ட் பிடிக்கும், பெல்ட்டை சீற் பிடிக்கும், சீற்றைத் தரையில் உள்ள நாலு போல்ட் பிடிக்க வேண்டும். போல்ட் விட்டால் ஆளும் பெல்ட்டும் சீற்றும் சேர்ந்தே கண்ணாடிக்குப் போக வேண்டியதுதான். விக்னராஜா மூன்று நாளாகக் கறள் சுரண்டி, தரைக்கு அடியில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, கால்களை வெட்டிப் பொருத்தி மினக்கெட்டதெல்லாம் இதற்காகத்தான்.

சாரதி சீற் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. வெள்ளி காலையில் மற்ற சீற்றை உள்ளே இறக்கி, நாலு போல்ட்டையும் கையால் திருகி விட்டிருந்தான். அதுதான் முறை. சீற்றை முன்னும் பின்னும் தள்ளி நேர் பார்த்த பிறகு நீட்டு ஸ்பானரால் டக்கென்று சத்தம் வரும்வரை இறுக்க வேண்டும். இறுக்கின போல்ட்டின் தலையில் மஞ்சள் பேனாவால் ஒரு கோடு போடுவான். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். ஸ்பானரை எடுக்கக் கை நீட்டியபோது தொலைபேசி அடித்தது.

"இஞ்சேருங்கோ, மற்ற சீற்றும் முடிஞ்சுதோ?" என்றாள் கிருசாந்தினி.

"இப்பதான் இறுக்கப் போறன்."

"ஐயோ, வேண்டாம்! பத்தரையாகுது. வெள்ளிக்கிழமை ராகுகாலமெல்லோ! ஒரு மணிக்கு சல்வோவோடை மொண்டெல்லோவுக்கு, அவையின்ரை கடற்கரை வீடு கழுவப் போகவேணும். அந்த சீற்றிலை முதல்முதல் இருக்கப்போறது நான். பன்னிரண்டு கழிஞ்சு இறுக்குங்கோ. சில்லுக்குக் கீழை வைச்சு நசிக்க நாலு தேசிக்காயும் வாங்குங்கோ."

"விசர்க்கதை கதையாதை. போல்ட்டுக்கு என்ன ராகுவும் கேதுவும்?"

"பன்னிரண்டு மட்டும் பொறுத்தா என்ன, குறைஞ்சு போடுவியளோ?"

அவன் ஒருபோதும் கேட்பதில்லை. கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குச் செய்வான். அன்றைக்கு என்னவோ, அந்த சீற்றில் அவள் இருக்கப்போகிறாள் என்ற நினைப்பு வந்து கையைப் பிடித்துவிட்டது. ஸ்பானரை மேசையில் வைத்தான். பேனாவைப் பக்கத்தில் வைத்தான். பீனோவிடம் ஒன்றும் சொல்லாமல் சந்தைக்கு நடந்தான்.

சந்தையில் பழம் விற்கும் றோபேட் மன்னார் ஆள், வேதக்காரன், வாய்க்காரன். தேசிக்காய் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், யாழ்ப்பாணத்து ராகு இஞ்சை வாறதுக்கு விசா, பெர்மெஸ்ஸோ எல்லாம் எடுத்தவரோ?"

விக்னராஜாவும் சிரித்தான். இருவருமாகக் கோப்பி குடித்தார்கள். நாலு தேசிக்காயும் காற்சட்டைப் பைக்குள் கிடக்க, பதினொரு மணிபோல் ஆறுதலாகக் கராஜுக்குத் திரும்பினான்.

மஸ்டாங் நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது.

"சல்வோ நேரத்தோடு வந்துவிட்டான். சீற் ரெண்டும் உள்ளே இருந்தது, சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏன்?" என்றான் பீனோ, தலையை நிமிர்த்தாமல்.

மேசையில் ஸ்பானர் வைத்தபடியே கிடந்தது. மஞ்சள் பேனா மூடிகூடத் திறக்காமல் கிடந்தது. விக்னராஜா வாசலுக்கு ஓடித் தெருவை இரு பக்கமும் பார்த்தான். தொலைபேசியைப் பார்த்தான். கிருசாந்தினியின் குரல்செய்தி ஒன்று வந்திருந்தது. பின்னால் கார் உறுமுகிற சத்தம். அதற்கு மேலால் அவள் கத்திக் கதைத்தாள்.

"நாங்கள் வெளிக்கிட்டிட்டம். மலைப்பாதையாலை போய்க் காரைக் காட்டப் போறாராம். என்ரை சொல்லைக் கேக்காமல் ராகுகாலத்திலையே இறுக்கிப்போட்டியள் என்ன? வீட்டுக்கு வாங்கோ, கதைக்கிறன்."

கல்யாணம் கட்டிப் பதினாறு வருசத்தில் ஒரேயொரு நாள் அவள் சொல்லைக் கேட்டான். அந்த ஒரு நாளுக்கு அவளிடம் ஏச்சு வாங்குகிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

அவளுக்குத் தொலைபேசி அடித்தான். இத்தாலியப் பெண் ஒருத்தி தேன் ஒழுகும் குரலில், தொடர்புகொள்ள முடியவில்லை என்றாள். திரும்ப அடித்தான். திரும்பவும் அவளே. "சல்வோவுக்கு அடியுங்கள்" என்று பீனோவைக் கெஞ்சினான். பீனோ அடித்தான், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. என்ன விசயம் என்று பீனோ கேட்டான். போல்ட் இறுக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் இறுக்கவில்லை என்று கேட்டால் எதைச் சொல்வது? "ஒரு சின்ன வேலை விட்டுப்போச்சு" என்றுவிட்டு, ஸ்பானரையும் பேனாவையும் பறித்துக்கொண்டு சந்தைக்கு ஓடினான்.

றோபேட்டிடம் ஒரு லாப்பா இருந்தது. பழம் ஏற்றும் மூன்று சில்லு வண்டி. விக்னராஜாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் பகிடியை விட்டுவிட்டான். தோடம்பழப் பெட்டிகளை இறக்கக்கூட இல்லை. கடையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

நகரத்துக்குள் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு யுகம் நின்றன. மலை ஏறத் தொடங்கியபோது லாப்பா பெருமூச்சு விட்டது. மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு மேலால் மொண்டெல்லோ போகிற அந்தப் பாதை மடிந்து மடிந்து போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கற்சுவர், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பல் தீப்பெட்டி அளவில் நின்றது.

"கெதியா விடடா."

"இதுக்கு மேலை ஏலாது மச்சான். இறங்கித் தள்ளினாத்தான்."

ஒவ்வொரு திருப்பத்திலும் விக்னராஜாவுக்கு ஒரே காட்சிதான் தெரிந்தது. சல்வோ பிறேக்கை மிதிக்கிறான். சீற் தன் கால்களிலிருந்து எழும்புகிறது. அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பத்திரமாய் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு, அப்படியே போகிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். இரண்டு மணிக்கு வாசலில் போய் நின்று அவளுக்கு என்ன சொல்வது? அம்மாவின் சீற்றை அப்பா நல்ல நேரம் பார்த்து இறுக்க இருந்தவர் என்றா?

நாலாவது திருப்பத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். சுவர் ஓரமாக எட்டிக் கீழே பார்த்தபடி ஏழெட்டுப் பேர்.

"ஐயோ, என்ரை கடவுளே" என்றான் விக்னராஜா. லாப்பா நிற்க முன்னமே குதித்து, ஒருவனை இடித்துத் தள்ளிக்கொண்டு சுவரில் போய் விழுந்தான். கீழே பற்றையும் கல்லும்தான். பக்கத்தில் நின்றவன் கப்பலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சைக்கிள்காரர்கள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு இளைப்பாறுகிறார்கள், மடையன்கள்.

திரும்பி வந்து லாப்பாவில் ஏறினான். றோபேட் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறுகையால் சிலுவை போட்டான். "மடு மாதாவே, இந்தச் சைவக்காரனுக்காகக் கேக்கிறன்" என்று அவன் முணுமுணுத்ததும் கேட்டது.

மலையின் மேலே பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் கோயில். வாகனங்கள் நிற்கும் இடத்தில், சிவப்பாக, முழுசாக, மஸ்டாங் நின்றது.

சல்வோ தொலைபேசியைக் காருக்குள் விட்டுவிட்டு, பக்கத்துக் கோப்பிக்கடை வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். "ராஜா! நீ எங்கே இங்கே?" என்றான். "உன் மனைவி மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்று காரை நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் இருபது நிமிசம் ஆகிறது. உங்கள் ஆட்கள் நன்றாகத்தான் கும்பிடுகிறார்கள்."

விக்னராஜா படியேறி ஓடினான். கோயில் என்பது ஒரு குகைதான். பாறை தண்ணீர் சொட்டும், தொலைபேசி வேலை செய்யாது. அதுதான் அந்தத் தேன்குரல்காரியின் உபயம். மெழுகுதிரித் தட்டுக்கு முன்னால் கிருசாந்தினி நின்றாள். அவளுக்கு முன்னால் ஐந்து திரிகள் எரிந்தன, ஆறாவதைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகம் உடைந்தது.

"வந்திட்டியளோ" என்றாள். "எப்பிடிச் சொல்லி அனுப்பிறதெண்டு தெரியாமல் நிண்டனான்."

மூடியிருந்த இடக்கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு போல்ட் இருந்தது. தலையில் மஞ்சள் கோடு இல்லை.

"மூண்டாம் திருப்பத்திலை என்ரை காலடியிலை உருண்டு வந்தது. அதுக்கு முன்னமே சீற் ஆடினது. முன்னுக்குப் போகுது, பின்னுக்கு வருது. கதவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அப்பதான் விளங்கிச்சுது, நீங்கள் என்ரை சொல்லைக் கேட்டிருக்கிறியள் எண்டு."

"அவனிட்டைச் சொல்லியிருக்கலாமே! நிப்பாட்டு எண்டு கத்தியிருக்கலாமே!"

"சொன்னா உங்கடை வேலை என்னாகும்? சீற் கழண்டுபோச்சு எண்டு சிஞ்ஞோராவின்ரை மோனிட்டை நானே சொல்லுறதோ? மெழுகுதிரி கொளுத்தவேணும் எண்டன். அதுக்கு ஆரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பயத்திலை மூத்திரம் போகப் பாத்திட்டுதப்பா. திரும்ப அதிலை ஏறவேணுமே எண்டு ஒவ்வொண்டாக் கொளுத்திக்கொண்டு நிண்டன்."

அவன் அவள் கையைப் பிடித்தான். அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது. தன் வேலைக்காக அவள் வாயை மூடிக்கொண்டு அந்த மலையில் ஏறியிருக்கிறாள் என்பதை நினைக்க, ஏறி வந்த பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவனைப் பிடித்தது. நாலாவது திருப்பம், ஐந்தாவது திருப்பம் எல்லாவற்றையும் அவள் தனியேதான் கடந்திருக்கிறாள்.

வெளியே வந்து முழங்காலில் நின்று போல்ட்டைப் போட்டான். நேர் பார்த்தான். ஸ்பானர் நாலு தரம் டக்கென்றது. நாலு கோடு போட்டான். சல்வோ மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசிச் சரிபார்ப்பா?"

ஓம் என்று சொன்னால் போதும். அவள் பட்டபாடெல்லாம் அந்த ஓமுக்காகத்தான். விக்னராஜா எழுந்தான்.

"இல்லை. இந்த சீற்றை நான் இறுக்கவில்லை. கையால் திருகிவிட்டுப் போனேன். உனக்கும் பீனோவுக்கும் சொல்லவில்லை. ஒரு போல்ட் வழியில் கழன்றுவிட்டது. பிழை என்னுடையது."

சல்வோ சீற்றைப் பார்த்தான். கிருசாந்தினியைப் பார்த்தான். பிறகு ஏறிவந்த பாதையைப் பார்த்தான். முகத்தில் இரத்தம் இல்லை. "திங்கட்கிழமை கதைப்போம்" என்றுவிட்டு சிகரெட்டை மிதித்தான்.

வேலை போகும் என்று விக்னராஜாவுக்குத் தெரிந்தது. போனால் போகட்டும். இறக்கம் இன்னும் இருக்கிறதே, மொண்டெல்லோ வரைக்கும் வளைந்து வளைந்து போகிற இறக்கம். மணி பதினொன்றே முக்கால். ராகுகாலம் முடிய இன்னும் கால் மணி நேரம். நம்பிக்கை இல்லாத அந்த மனிதன் பைக்குள் இருந்த தேசிக்காய்களைத் தடவிப் பார்த்தான்.

"சாந்தினி, பன்னிரண்டு மட்டும் பொறுப்பமே?" என்றான். "இல்லாட்டி றோபேட்டோடை லாப்பாவிலை வா."

அவள் குனிந்து நாலு மஞ்சள் கோட்டையும் பார்த்தாள்.

"நீங்கள்தானே இறுக்கினது?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்குப் பொறுக்கிறது?" என்றாள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

கார் உறுமிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. இந்தத் தடவை சல்வோ ஆமை மாதிரித்தான் ஓட்டினான். பின்னால் லாப்பாவில் இருந்து விக்னராஜா அவள் தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். கடல் வந்து கார் நிற்கும்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை.