சந்திரகுமாரின் ஜீப் ஏன் வெளியே வரவில்லை

வாகன இறக்குமதித் தடை நீங்கியதுதான் தாமதம், ஜீப் இல்லாத வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார்கள் என்கிற அளவுக்கு வந்துவிட்டது வெள்ளவத்தை. நாலு சில்லும் கொஞ்சம் உயரமும் இருந்தால் அங்கே எல்லாம் ஜீப்தான். காட்டுக்குப் போகிறவர்களும் இல்லை, மலை ஏறுகிறவர்களும் இல்லை. பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கவும், சந்தையில் அரைக்கிலோ வெண்டிக்காய் வாங்கவும்தான் அத்தனை பெரிய ஏற்பாடு. கேட்டால் மட்டும் ஆளுக்கொரு நியாயம் வரும். மழை பெய்தால் ஒழுங்கைக்குள் வெள்ளம், கார் என்றால் தாண்டாது. கனடாவிலிருந்து ஆட்கள் வந்தால் பெட்டிகளை எங்கே வைப்பது? கல்யாண மண்டப வாசலில் போய் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நிற்கும் அந்த ஆறு மாடி பிளாட்டில், மூன்றாம் மாடிச் சந்திரகுமாரும் ஒன்று வாங்கினார். கொட்டாஞ்சேனையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், கொஞ்சம் பகட்டு. ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ஏழு பேர் ஏறக்கூடிய வெள்ளை ஜீப்பை எடுத்தார். விற்றவர்களின் டிரைவரே ஓட்டிவந்து, சரிவால் இறக்கி, கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டுப் போனான்.

பிளாட் கமிட்டித் தலைவர் சவுந்தரநாயகம் உடனே கீழே வந்துவிட்டார். கதவைத் திறந்தார், மூடினார், அந்தச் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டார்.

"தம்பி, இது கைவிடாத சாமான். என்ட மருமகன் தெஹிவளையில இதைத்தான் வச்சிருக்கிறான். எண்ணெய் மாத்திறதும் டயர் மாத்திறதும்தான் செலவு. மனிசரை விட இதை நம்பலாம்."

"இவ்வளவு தெரிஞ்சும் அங்கிள் இன்னும் அந்தப் பழைய காரைத்தானே தள்ளுறீங்க?" என்றாள் லிப்டுக்குக் காத்து நின்ற நாலாம் மாடி றோஸி. அவள் வீட்டிலும் ஒரு ஜீப் வந்து ஒரு மாதம்.

"எனக்கு அறிவு இருக்குது பிள்ளை. அது காணும்" என்றார் சவுந்தரநாயகம்.

அன்றைக்கு நிறுத்திய ஜீப் அதற்குப் பிறகு அசையவில்லை. வாரம் ஒன்று போனது, மாதமும் போனது. முதற் பயணம் முன்னேஸ்வரத்துக்குத்தான் என்றும், ஆவணியில் கனடாவிலிருந்து பெரியண்ணன் வந்ததும் எல்லோருமாகப் போய் அருச்சனை செய்த பிறகுதான் மற்ற ஓட்டம் என்றும் சந்திரகுமார் சொல்லிவிட்டார். புது வாகனம் முதலில் கோயிலுக்குப் போவது ஊர் வழக்கம்தான். அதற்காக ஆவணி வரை அதைக் கீழே பூட்டிவைத்த பக்தரை அந்தப் பிளாட் அதற்கு முன் கண்டதில்லை.

வாய்கள் சும்மா இருக்குமா? நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, சனியன் என்று பயப்படுகிறார் என்றாள் றோஸி. ஓடாமல் வைத்திருந்தால் விலை ஏறும், ஆள் விளைந்த ஆள் என்றார் சவுந்தரநாயகம். சந்திரகுமாரோ தினமும் காலையில் கீழே போவார், அரை மணித்தியாலம் துடைப்பார், இன்ஜினைப் போட்டுச் சூடாக்குவார், நிறுத்திவிட்டு மேலே வருவார். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மனைவி அனுஷியா கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள். சின்னக் கார் இருந்த காலத்தில் அதைப் பெரும்பாலும் ஓட்டியது அவள்தான். இப்போது வீட்டில் ஜீப் இருக்கிறது, அவள் கையில் பஸ் ரிக்கற் இருக்கிறது. இதில் யார் முன்னேறினார்கள் என்று அவளுக்கே சரியாக விளங்கவில்லை.

பேசாமல்தான் இருந்தாள், அம்மா விழும் வரை.

அனுஷியாவின் அம்மா ராக்கம்மா ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். இப்போது கொட்டாஞ்சேனையில் மகனோடு இருக்கிறாள். அந்த வீட்டு மாடிப்படி ஏணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் வழுக்கி இடுப்பெலும்பு போய், ஆஸ்பத்திரியில் புது மூட்டு வைத்தார்கள். மறுபடி அந்தப் படியில் ஏற்ற முடியாது. லிப்ட் இருக்கும் வெள்ளவத்தைக்குத்தான் கூட்டிவர வேண்டும்.

வார்ட்டில் நடைப்பயிற்சி கொடுத்த பெண், அனுஷியாவைத் தனியே கூப்பிட்டுப் படித்துப் படித்துச் சொன்னாள். "முழங்கால் இடுப்பை விட உயரக்கூடாது மிஸ். தாழ்வான சீற்றில இருத்த வேணாம். திரீவீல் கூடவே கூடாது. மூட்டு கழன்டிரும், பிறகு திரும்ப ஒப்பரேஷன்தான்."

அன்று பின்னேரம் அனுஷியா கீழ்த்தளத்தில் ஒரு சுற்று நடந்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே உயரம். சவுந்தரநாயகத்தின் காரில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்த்தாள், முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. யாரோ ஒருவருடைய வான் நின்றது, அதன் படியில் அவளே கம்பியைப் பிடித்துத்தான் ஏறினாள். கடைசியில் தங்கள் ஜீப்பின் முன்கதவைத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் சாய்ந்தாள். குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் வந்து அவளைத் தாங்கிக்கொண்டது. ஊரெல்லாம் இதை வாங்குவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, அம்மாவை எங்கட ஜீப்பிலதான் கூட்டிக்கொண்டு வரவேணும்."

சந்திரகுமார் இடியப்பத்தைப் பிசைந்தபடியே இருந்தார். "ஆவணி வரட்டும் எண்டனான் எல்லோ."

"அம்மாவின்ட இடுப்பு ஆவணிக்குக் காத்திருக்குமோ?"

"ஆஸ்பத்திரிக்கு முதல் ஓட்டம் போறது வடிவில்லை, அனு. நான் சவுந்தரநாயகம் அங்கிளின்ட மருமகனைக் கேக்கிறன். அவனிட்ட இதே மொடல்தான்."

அனுஷியாவின் கை பாதியில் நின்றது. பக்கத்து வீட்டில் ஒரு தேங்காய் இரவல் வாங்கக் கூசுகிற மனிதர் இவர். சொந்த ஜீப் கீழே நிற்க, தெஹிவளையிலிருந்து இரவல் ஜீப்பா? நாளைக்கே அது றோஸியின் வாய்க்குப் போகும் என்று தெரியாதவரும் இல்லை.

"அப்ப நான் ஓட்டிறன்" என்றாள்.

"நீயோ? வேணாம், வேணாம்." தட்டோடு எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தோட்டத்துப் பெண் என்று அவருடைய ஆட்கள் ஆரம்பத்தில் குத்திக்காட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் தன் பக்கம் நின்றவர், இப்போது ஒரு தகரத்துக்காக அம்மாவை ஒதுக்குகிறாரா? அந்தக் கேள்வியோடுதான் படுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வழக்கம்போலக் கீழே போன பிறகு, வார்ட்டிலிருந்து போன் வந்தது. நாளைக்குத் துண்டு வெட்டி அம்மாவை வீட்டுக்கு விடுகிறார்கள், பத்து மணிக்கு வந்து கூட்டிப்போகலாம். அதைச் சொல்ல அனுஷியா படியால் இறங்கினாள். கடைசித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சந்திரகுமார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஜீப் தூணுக்கும் சுவருக்கும் நடுவே, மேலே ஏறும் சரிவை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. உள்ளே ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ எச்சரித்தது. பின்னுக்கு வந்தது. மறுபடி ஒரு முழம், மறுபடி அந்தக் குரல். சேர்ட் முதுகோடு ஒட்டும்படி வேர்த்திருந்தது மனிதருக்கு.

துடைப்பதும் சூடாக்குவதும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த அரை மணித்தியாலம் இதுதான்.

அனுஷியா போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் களவு பிடிபட்டவர்போல இன்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்தார்.

"இடப்பக்கம் எங்க முடியுதெண்டே தெரியேல்லை, அனு" என்றார். "பழைய கார் காலில போட்ட செருப்பு மாதிரி. இது கட்டில்ல படுத்துக்கொண்டு ஓட்டிற மாதிரிக் கிடக்கு. அந்தத் தூணைக் கண்டா நெஞ்சு அடிக்குது. காலி வீதியில பஸ்காரங்களுக்கு நடுவில நினைச்சுப் பாரன்."

"பிறகு ஏன் வாங்கினனீங்க?"

"எல்லாரும் வாங்கிச்சினம்."

இதற்கு ஏசுவதா சிரிப்பதா? நேற்றிரவு முழுதும் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள் அனுஷியா. அம்மாவை ஒதுக்கவில்லை, தூணுக்குத்தான் பயந்திருக்கிறார். இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் தனியே பயந்திருக்கிறார்.

"அப்ப முன்னேஸ்வரம்?"

"அது நேர்த்திக்கடன்தான், பொய்யில்லை. ஆனா ஆவணிக்குள்ள பழகிடலாம் எண்டு நினைச்சன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு அம்மாவை விடுறாங்களாம்" என்றாள் அவள். "நான் ஓட்டிறன். நீங்க இடப்பக்கத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் தூணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அனுஷியா இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்தாள். சந்திரகுமார் இடப்பக்க ஜன்னலால் தலையை முழுதாக வெளியே போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு சாண் இருக்கு... வா... வா..." என்று தூணை அளந்தார். பிளாட் காவல்காரர் முன்னால் நின்று, உள்ளங்கையைக் கீழே அமர்த்தி, "ஹெமின், மிஸ், ஹெமின்" என்று சிங்களத்தில் மெதுவாக வரச் சொன்னார். பக்கக் கண்ணாடி தூணை உரசி மடங்கிக்கொண்டது. சந்திரகுமார் தலையை உள்ளே இழுத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது ஜீப் வெயிலில் நின்றது. நாலாம் மாடி பல்கனியில் றோஸி துணி காயப்போடுவதை மறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ராக்கம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். முன் இருக்கை வரவேற்றுக்கொண்டு நின்றது, ஜப்பானில் சுற்றிய பொலித்தீன் உறையோடு. அம்மா முதுகைக் காட்டிச் சாய்ந்ததும் உறை வழுக்கியது. இடுப்பு முன்னுக்குச் சறுக்க, அனுஷியா பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

அவள் வாய் திறக்குமுன் சந்திரகுமார் உறையைக் கையால் கிழித்தார். அது லேசில் வரவில்லை. பல்லால் ஒரு மூலையைக் கடித்து இழுத்தார்.

"அய்யய்யோ, புதுசு மாப்ள, கிழிக்காதீங்க!" என்றாள் ராக்கம்மா.

"வழுக்குது மாமி. நீங்க பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

கிழித்து எறிந்துவிட்டு, மாமியாரின் இரண்டு காலையும் தானே மெல்லத் தூக்கி உள்ளே திருப்பி வைத்தார். பிறகு பின்னால் போய் ஏறிக்கொண்டார். அனுஷியா இன்ஜினைப் போட்டதும் அந்தக் குரல் ஏதோ சொன்னது.

"யாருடி உள்ளுக்கு பேசுறது?"

"ஜப்பான்காரி அம்மா."

"என்னா சொல்றா?"

"தெரியாது மாமி" என்றார் பின்னாலிருந்து சந்திரகுமார். "எனக்கு ரெண்டு மாசமா ஏசிக்கொண்டிருக்கிறா."

ராக்கம்மா சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று மகளை அடிக்கக் கை ஓங்கினாள். வழி நெடுக அவர் பின்னால் இருந்து, "பஸ் வருது, விடு, அவன் போகட்டும்... இப்ப எடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அனுஷியா அதில் பாதியைக் கேட்டாள்.

பிளாட் வாசலில் சவுந்தரநாயகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். றோஸியும் குப்பை போட வந்தவள்போல ஒரு வெறும் வாளியோடு நின்றாள்.

"என்ன தம்பி, பெண்சாதியை ஓட்ட விட்டிட்டு நீங்க பின்னுக்கு? கால் கீல் சுகமில்லையோ?"

அனுஷியாவுக்குச் சொல்லுவதற்குப் பதில் தயாராக இருந்தது. வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள். "இவருக்கு முதுகில ஒரு பிடிப்பு அங்கிள்—"

"பிடிப்பொண்டும் இல்லை" என்றார் சந்திரகுமார், மாமியாரின் கால்களை வெளியே திருப்பிக்கொண்டே. "எனக்கு இதை ஓட்டப் பயம். அனு நல்லா ஓட்டுவா."

வாளியை மற்றக் கைக்கு மாற்றினாள் றோஸி. இரண்டு மாதமாக வளர்த்த சனியன் நம்பரும், விலை ஏற்றமும் ஒரு வசனத்தில் செத்துப்போயின. சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார். "வாகனம் நம்பகமானது எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்று அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

ராக்கம்மா வோக்கரைப் பிடித்து நிமிர்ந்தாள். "எங்க தோட்டத்துல லொறிக்காரனே வளைவுல சாமி கும்பிட்டுத்தான் திருப்புவான். வாங்க மாப்ள, கையக் குடுங்க." இருவரும் அடி மேல் அடி வைத்து லிப்டை நோக்கிப் போனார்கள். அவர் அவளை விட மெதுவாக நடந்தார்.

அனுஷியா ஜீப்பைக் கீழே இறக்கத் திரும்பி வந்தாள். றோஸி ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அனு, அடுத்த கிழமை செவ்வாய் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகணும், உன்ட பள்ளிக்கூடத்துப் பக்கம்தான். நீ பள்ளிக்கூடத்துக்கு இதிலதானே போவாய்? எனக்கும் ஒரு இடம் இருக்குமோ?"

"ஏன் றோஸி அக்கா, உங்கட வீட்டு ஜீப்?"

றோஸி சுற்றிலும் பார்த்தாள். காவல்காரர் தூரத்தில் நின்றார்.

"அவர் அதை எடுக்க விடமாட்டார். டயர்ல மண் படுமாம்."

"ஏழு மணிக்குக் கீழ வாங்கோ" என்றாள் அனுஷியா. "இடப்பக்கம் இருந்து பாத்துச் சொல்ல வேணும், சரியோ?"