நாலு பேர், ஒரு கரண்டி

அன்று மத்தியானம் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அவளுடைய அம்மா. அண்ணன் கிரேன் ஓட்டுகிறவன். அத்தை தன் மகனை ஓட்டுகிறவள். மேசைமேல் பாலில் ஊறிய ரொட்டி ஒரு கிண்ணம், ஒரு கரண்டி.

என் மனைவி சாப்பிடுவதில்லை. பசிக்கும். அந்தப் பசியைத் தோற்கடிப்பதுதான் அவளுக்கு வேலை. தையல் கடையில் அடுத்தவர் உடுப்பைப் பிடித்துத் தைக்கிறவள், இரண்டு வருடமாகத் தன் உடம்பையே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது சாப்பிட்டாலும் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொள்வாள்.

"நாடித் துடிப்பு ரொம்ப இறங்கிப்போச்சு. சனிக்கிழமைக்குள்ள வார்டுல சேர்க்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவங்களா நடந்து வந்தா பாதி வேலை முடிஞ்சுது. தூக்கிட்டு வந்தா எங்களோடயும் மல்லுக்கு நிப்பாங்க."

அன்று வியாழன். அவள் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்டை நான் விட்டது இதற்காக. மூன்று வேளையும் எதிரே உட்கார வேண்டும், தட்டைப் பற்றிப் பேசக் கூடாது, சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூடவே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் ஒரு படி மேலே போனேன். உள்கதவுகளின் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றினேன், குளியலறை உட்பட. யாரும் சொல்லவில்லை. கிடங்கில் அப்படித்தான், எந்தக் கதவு தொல்லையோ அதன் பூட்டைப் பிடுங்கி எறிவோம்.

அவள் நின்று பார்த்தாள். "வாசக்கதவையும் கழட்டிடு. காத்தாவது வரட்டும்."

வார்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? தங்கச்சி அங்க இருந்தான்னா நாளைக்கு என் பொண்ணை எவன் கட்டுவான்?" என்றான் அண்ணன்.

"மச்சான், அது அந்த மாதிரி இடம் இல்ல."

"நீ பேசாத மாப்ள. வேலைய விட்டுட்டு பொண்டாட்டி வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கிறவன். அடியாத மாடு படியாது."

"மாடா இருந்தா இந்நேரம் மேய்ஞ்சிருப்பேனே அண்ணா" என்றாள் அவள்.

"உடம்புல இல்லாத கொழுப்பெல்லாம் வாயிலதான்" என்றாள் அத்தை. நான் சிரித்துவிட்டேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து அவள் கழுத்தை வளைத்துத் தாடையை அழுத்தினான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். அவள் விரல்கள் மரத்தில் தேடும் சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் ஓர் உதை விட்டான். கதவு விளிம்பு அவள் நெற்றியைப் பிளந்தது. தலைமயிரைப் பிடித்து இழுத்தான். ஒரு கொத்து கையோடு வந்தது. அதை உதறிவிட்டு மறுபடி இழுத்துச் சமையலறையில் போட்டான்.

"கையப் பிடி மாப்ள!"

நான் பிடித்தேன்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நாலு கரண்டி உள்ளே போனால் போனதுதானே என்று நினைத்தேன். பெட்டி நழுவாத பிடி எனக்குப் பழக்கம். அத்தை கரண்டியை உள்ளே திணித்தாள். பல் உடையும் சத்தம். பாலும் ரத்தமும் மோவாயில் வழிந்தன. மூச்சு முட்டியபோது அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் விரல்களுக்கடியில் நாடி ஒரு முறை அடித்தது. அடுத்தது வரவில்லை. நான் காத்திருந்தேன். வந்தது.

விட்டேன். ஸ்டூலை எடுத்து அண்ணன் தோளில் இறக்கினேன். அவன் என் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தான். கிண்ணத்தை அவன் காதில் உடைத்தேன். அத்தை செருப்பால் என் முதுகில் அறைந்தாள். "கட்டையில போறவனே, என் பிள்ளையக் கொல்றியே!" அவன் விழுந்தபின் மூன்று முறை உதைத்தேன். மூன்றாவது தேவையே இல்லை. அதுதான் நன்றாக இருந்தது.

"போதும்." அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பினாள். "நான் வார்டுக்குப் போறேன். இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"வண்டிய மட்டும் ஓட்டு."

வார்டு வாசலில் நர்ஸ் அவள் நெற்றியைப் பார்த்தாள். "யார் அடிச்சது?"

"அண்ணன்."

நர்ஸ் அவள் மணிக்கட்டுகளைத் திருப்பினாள். "இது?"

அவள் மோவாயால் என்னைக் காட்டினாள். "வீட்டுக்காரர்."

"நான்தான் கடைசில விட்டுட்டேனே" என்றேன்.

"பிடிச்சதுக்கப்புறம்தானே விட்ட?"

நர்ஸ் பதிவேட்டைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமை பாக்க வரலாம். யார் யார் பேர் எழுத?"

"யாரும் வேண்டாம்."

"இவர் பேர் ஏற்கெனவே இருக்கும்மா. டாக்டர் சொல்லி எழுதினது."

"எடுத்துடுங்க."

நர்ஸ் என்னைப் பார்க்காமல் ஒரு கோடு கிழித்தாள். என் மனைவி தன் பையைத் தூக்கினாள். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. சுவரைப் பிடிக்காமல் நடந்தாள், தானாகவே, டாக்டர் கேட்ட மாதிரியே. நர்ஸ் அவள் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்று சுற்றியது.