இன்னொருத்தி வாயால்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் புதன்கிழமை மதிய மணி அடித்ததும், ஆறு பெண்கள் மடிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதெல்லாம் அப்புறந்தான். சுற்றிலும் இடுப்பளவுக்கு அடுக்கிவைத்த வெள்ளை விரிப்புகள். நடுவில் வட்டமாக நின்று கை கோத்து ஜெபிப்பார்கள்.

அந்த ஜெபத்துக்கு ஒரு முறை இருந்தது. யாரும் தனக்காக வாய் திறக்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருத்தி தன் பாரத்தை மற்றவள் காதில் சொல்ல வேண்டும். காதில் வாங்கியவள் அதை எல்லோர் முன்னாலும் ஆண்டவரிடம் எடுத்து வைப்பாள். சூப்பர்வைசர் அக்கா கொண்டுவந்த ஏற்பாடு அது. "நமக்காகக் கேக்கும்போது பாதிய முழுங்கிடுவோம். அடுத்தவ கேட்டா முழுசாக் கேப்பா" என்பாள்.

ஆறு பேரில் நெட்டை அந்த ஏற்பாட்டால் உயிர் பிழைத்தவள். புருஷன் செத்த வருஷம் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. கல் மாதிரி வேலைக்கு வந்தாள், கல் மாதிரி போனாள். அவளோடு ஒரே எந்திரத்தில் நிற்கும் பாட்டுக்காரிதான் அவளுக்காக ஜெபித்தாள். "ஆண்டவரே, இவ கட்டில்ல அந்தப் பக்கம் காலியா கெடக்கு. நீர் பாத்துக்கொள்ளும்." அவ்வளவுதான். நெட்டை அன்றைக்கு விரிப்புக் குவியலில் முகத்தைப் புதைத்து அழுதது, வெளியே ஓடிக்கொண்டிருந்த எந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு மறுபடி பசி எடுத்தது.

எட்டு வருஷமாக இருவரும் ஜோடி. ஈர விரிப்பின் முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக் கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். நெட்டையின் தோளுக்குக்கூடப் பாட்டுக்காரி எட்டமாட்டாள். விரிப்பு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உள்ளே போகும்.

"கொஞ்சம் குனியேன்டி, ஒட்டகமே! உனக்குத் துணி கொடுத்தே என் கை நீண்டுபோச்சு."

"நீ ஒரு பெட்டி மேல ஏறி நில்லு. உன்ன யாரு பாதியிலயே வளர்றத நிறுத்தச் சொன்னா?"

இந்தக் கேலிக்கு நடுவில்தான் திங்கட்கிழமை அந்தச் செய்தி வந்தது. தானாகவே துணியை இழுத்துக்கொள்ளும் புது உருளை வருகிறது. அதற்கு ஒரு ஆள் போதும். இரண்டு பேரில் யார் வெளியே போவது என்று சூப்பர்வைசர் அக்கா வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

நெட்டையின் வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு. பாட்டுக்காரிக்கு வேலைக்குப் போகாத புருஷன், வளர்ந்துகொண்டே இருக்கும் மூன்று பையன்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எந்திரத்தின் முன்னால் பாட்டும் இல்லை, கேலியும் இல்லை.

புதன்கிழமை வழக்கம்போல இருவரும் ஜோடியாக நின்றார்கள். நெட்டைதான் முதலில் குனிந்து பாட்டுக்காரியின் காதில் சொன்னாள்.

"கழிச்சுப் போட்ட கம்பளி ரெண்டு இருந்துச்சுல்ல, அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். மாமியா குளிர்ல நடுங்கறாங்க. ஆனா தூக்கம் வரமாட்டேங்குது."

அங்கே ஒரு கைக்குட்டை காணாமல் போனாலும் எடுத்தவளுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். பாட்டுக்காரி அவள் கையை அழுத்திவிட்டு, கால் கட்டைவிரலில் எழும்பி நெட்டையின் காதை எட்டினாள்.

"இடது கைல ரெண்டு விரல் செத்துப்போச்சுடி. சூடு தெரியல. போன வாரம் உருளைல பட்டிருக்கு, தோல் வெந்த வாடை வந்தப்புறந்தான் பாத்தேன். 'உடம்பு பலவீனம்'னு மட்டும் சொல்லு. விஷயம் தெரிஞ்சா வெள்ளிக்கிழமை என் பேருதான்."

அவர்கள் முறை வந்தது. நெட்டை கண்ணை மூடினாள்.

"அன்பின் பிதாவே, என் சகோதரியோட உடல் பலவீனத்த உம்ம பாதத்துல வைக்கிறேன்."

"ஆமென்" என்றாள் சூப்பர்வைசர் அக்கா, பாதி கவனத்தில்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் வாய் தன்பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிற்று. "ஆண்டவரே, உமக்கு மறைவானது ஒண்ணுமில்ல." அப்படி ஒரு வரியைச் சொன்ன பிறகு வேறு எங்கே போக முடியும்?

"அந்த ரெண்டு விரலையும் நீர் பாக்கிறீர். சூடு பட்டாலும் தெரியாத அந்த இடது கைய நீர் பாக்கிறீர். வெந்தது தெரியாம உருளை முன்னால நிக்கிறாளே, தகப்பனே!"

கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பொய்க் கண்ணீர் இல்லை. அவளுக்கே நெஞ்சு வலித்தது. கோத்திருந்த பாட்டுக்காரியின் கை ஒரு முறை உருவிக்கொள்ளப் பார்த்து, பிறகு அசையாமல் கிடந்தது. நெட்டை கண்ணைத் திறந்தாள். எதிரே சூப்பர்வைசர் அக்காவின் கண்ணும் திறந்திருந்தது. அது பாட்டுக்காரியின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமென்" என்றாள் அக்கா, இந்த முறை முழு மனதோடு.

அடுத்து பாட்டுக்காரி ஜெபிக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறை எடுக்கும் பெண்ணின் வயிறு இரைந்தது.

"ஆண்டவரே" என்றாள் பாட்டுக்காரி. "இவ வீட்ல யாரும் குளிர்ல நடுங்கக் கூடாது. ஆமென்."

வெள்ளிக்கிழமை காலையில் சூப்பர்வைசர் அக்கா பாட்டுக்காரியை அறைக்குள் அழைத்துக் கட்டிப்பிடித்து அழுதாள். "உன் கையக் காப்பாத்தத்தான்டி கர்த்தர் இத வெளிய கொண்டுவந்தாரு. ஒரு கதவ அடைச்சா இன்னொண்ணத் திறப்பாரு. நாங்கல்லாம் தினமும் உனக்காக ஜெபிப்போம்." மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

பின்வாசலில், குப்பை வண்டி நிற்கும் இடத்தில், நெட்டை அவளை ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"நான் வேணும்னு செய்யலடி. ஜெபத்துல அப்படியே இழுத்துட்டுப் போயிடுச்சு."

"ம்."

"திட்டவாவது செய்."

பாட்டுக்காரி பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "கம்பளி விஷயம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஏன் சொல்லல?"

"நான் ஆண்டவர் கிட்டப் பேசிட்டு இருந்தேன்." அவள் நெட்டையை அண்ணாந்து பார்த்தாள். "நீ அக்கா கிட்டப் பேசிட்டு இருந்த."

குப்பை வண்டிக்காரன் ஒலிப்பானை அடித்தான். பாட்டுக்காரி ஒதுங்கி வழிவிட்டு, அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை வட்டத்தில் ஐந்து பேர். ஜோடி சேர்ந்தபோது நெட்டை மட்டும் தனியாக நின்றாள். அவள் காதில் சொல்ல யாரும் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொள்ளக் காதும் இல்லை. சூப்பர்வைசர் அக்கா அவள் முதுகைத் தடவினாள்.

"எட்டு வருஷப் பழக்கம். உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நீ நம்ம பாட்டுக்காரிக்காக ஜெபி. உன்ன மாதிரி உருக்கமா வேற யாருக்கு வரும்?"

தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று நெட்டை நினைத்தாள். அடைத்துக்கொண்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். மூச்சை இழுத்துக் காத்திருந்தாள்.

அடைக்கவில்லை. "அன்பின் பிதாவே" என்று தொடங்கினாள், அடுத்த வரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பாட்டுக்காரியின் மூன்று பையன்களின் பசியைச் சொன்னாள், வேலையில்லாத வீட்டின் மத்தியானத்தைச் சொன்னாள், செத்துப்போன அந்த இரண்டு விரல்களைச் சொன்னாள். கறை எடுக்கும் பெண் மூக்கைச் சிந்தினாள். சூப்பர்வைசர் அக்கா தேம்பினாள். நெட்டை சொல்லச் சொல்ல எல்லோருக்கும் பாரம் இறங்கியது.

நெட்டைக்கும் இறங்கியது. ஆமென் சொல்லி முடித்தபோது அவளுக்கு நன்றாகப் பசித்தது.